ஷிங்கிள் கூரையில் கறுப்புக் கோடும் பச்சைப் பாசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் வீடு வாங்கிய நம்மவர்கள், சில ஆண்டுகள் போனதும் ஒருநாள் வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் ஆஸ்பால்ட் ஷிங்கிள் கூரைகளுக்கு, அதாவது தார் பூசிய தகடுகளின் மேல் பொடிக்கல் ஒட்டிய கூரைகளுக்கு. மரத் தகடு வேய்ந்த சீடர் கூரைக்கும் சுட்ட மண் ஓட்டுக்கும் வைத்தியம் வேறு.

கூரையில் மேலிருந்து கீழே மை வழிந்த மாதிரி கறுப்புக் கோடுகள். இது அழுக்கா, பூஞ்சையா?

இரண்டும் இல்லை. அது ஓர் உயிர். பெயர் குளோயியோகாப்சா மாக்மா. நீலப்பச்சைப் பாசி என்று பள்ளியில் படித்திருப்பீர்களே, அந்தச் சயனோபாக்டீரியா வகையைச் சேர்ந்தது. நீலப்பச்சை என்று பெயர் இருந்தாலும் கூரையில் கறுப்பாகத்தான் தெரியும். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து தப்பிக்கத் தன்னைச் சுற்றி நிறமேறிய ஓர் உறையைக் கட்டிக்கொள்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் கறுப்பு அந்த உறைதான்.

காற்றில் பறந்து வந்தும் பறவைகள் காலில் ஒட்டி வந்தும் கூரையில் இறங்கும். மழைநீர் அதைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டு போவதால்தான் கோடு கோடாகத் தெரிகிறது. ஈரமும் வெளிச்சமும் அதற்கு வேண்டும். கூடவே சாப்பாடும் கூரையிலேயே கிடைக்கிறது: ஷிங்கிள் செய்யும்போது தாரோடு சுண்ணாம்புக்கல் பொடியைக் கலக்கிறார்கள், கனத்துக்காகவும் உறுதிக்காகவும். அந்தச் சுண்ணாம்பு இதற்கு ஊட்டம். அமெரிக்காவின் தென்கிழக்கில், ஃப்ளோரிடா, ஜார்ஜியா பக்கத்து ஈரப்பதமான ஊர்களின் தொல்லையாக ஒரு காலத்தில் பேசப்பட்டது, இன்று வடகிழக்கு மாநிலங்கள் வரை சாதாரணமாகக் கண்ணில் படுகிறது.

வீட்டின் ஒரு பக்கம் மட்டும் ஏன் இப்படி? தெருப் பக்கம் சுத்தமாகத்தானே இருக்கிறது?

கறுத்திருக்கும் பக்கம் அநேகமாக வடக்கு பார்த்ததாக இருக்கும், அல்லது பெரிய மரத்தின் நிழலில் இருக்கும். வட அமெரிக்காவில் சூரியன் தெற்கே சாய்ந்தே போவதால் வடக்குச் சரிவில் காலைப் பனி காய நேரமாகும். எவ்வளவு நேரம் ஈரம் நிற்கிறதோ அவ்வளவு வளர்ச்சி.

ஒன்று கவனித்துப் பாருங்கள். கறுத்துப்போன கூரையில்கூடப் புகைபோக்கியைச் சுற்றிய உலோகத் தகட்டுக்கும், கூரையில் நீட்டி நிற்கும் துத்தநாகம் பூசிய வென்ட் எனும் காற்றுக் குழாய்க்கும் நேர் கீழே மட்டும் ஷிங்கிள் புதுசு மாதிரி பளிச்சென்று ஒரு பட்டையாக இருக்கும். அந்த உலோகத்தின் மேல் விழுந்த மழை, துளித்துளியாக உலோகத்தைக் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. அது பட்ட இடத்தில் பாசி பிழைக்காது. தடுப்பு முறைகள் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் உருவாகின. அதைப் பற்றிக் கீழே.

எங்கள் கூரையில் கறுப்பு இல்லை, பச்சையாக மெத்தை மாதிரி வளர்ந்திருக்கிறது.

அது மாஸ். சியாட்டில், போர்ட்லண்ட், வான்கூவர் பக்கம் இதுதான் பெரிய தலைவலி. இலையுதிர் காலம் தொடங்கி வசந்தம் வரை அங்கே தூறிக்கொண்டே இருப்பதால் மாஸுக்குக் கொண்டாட்டம். இது ஒரு செடி. ஆனால் உண்மையான வேர் கிடையாது, மெல்லிய இழைகளால் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் இரண்டு ஷிங்கிள் சேரும் இடுக்கில், காற்று கொண்டுவந்த மண்ணும் பைன் ஊசியிலையும் சேர்ந்த இடத்தில் தொடங்கும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு: வட்ட வட்டமாக, சாம்பல் அல்லது வெளிர்பச்சை நிறத்தில், தேமல் மாதிரி ஒட்டியிருப்பது லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் உயிர் அது. மூன்றிலும் பிடிவாதமானது இதுதான்.

சரி, இவற்றால் கூரைக்கு நிஜமாகவே கெடுதல் உண்டா?

கறுப்புக் கோடு பெரும்பாலும் பார்வைக்குத்தான் கேடு. வெளிர் நிறக் கூரை கறுத்துப்போனால் வெயிலில் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறும், வீட்டை விற்கும்போது வாங்க வருபவர் முகம் சுளிப்பார். அதனால் மட்டும் கூரை ஒழுகாது.

மாஸ் அப்படியில்லை. தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டே இருக்கும். தடிக்கத் தடிக்க ஷிங்கிளின் கீழ் விளிம்பைத் தூக்கும். தூக்கிய விளிம்புக்குள் காற்றோடு அடிக்கும் மழை புகும். பனிக்காலத்தில் உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்து விரிந்து இன்னும் தூக்கும். சில ஆண்டுகள் இப்படியே விட்டால் கீழே இருக்கும் பலகை ஊறிப்போகும். கறுப்புக் கோட்டை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடலாம், தடித்த மாஸைத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் கருத்து.

பக்கத்து வீட்டுக்காரரிடம் பிரஷர் வாஷர் இருக்கிறது. இரவல் வாங்கி ஒரே நாளில் அடித்துவிடலாமா?

டிரைவ்வேயை அடியுங்கள், கூரையைத் தொடாதீர்கள்.

ஷிங்கிளின் ஆயுள் அதன் மேலிருக்கும் பொடிக்கல்லில்தான் இருக்கிறது. தாரை வெயிலிலிருந்து காப்பாற்றுவது அந்தக் கல்தான். தோட்டக் குழாயில் தண்ணீர் 40 முதல் 60 பிஎஸ்ஐ அழுத்தத்தில் வரும்; சாதாரண பிரஷர் வாஷர் 1500க்கு மேல் தள்ளும். பாசியோடு சேர்த்துக் கல்லையும் பெயர்த்துவிடும். அடித்து முடித்ததும் கூரை அற்புதமாகத் தெரியும், படம் எடுத்துப் போடலாம். கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் கட்டரிலும், அங்கிருந்து தண்ணீரைக் கீழே இறக்கும் டவுன்ஸ்பவுட் குழாய் வாயிலும் கைப்பிடி கைப்பிடியாகக் கறுமணல் மாதிரி கிடக்குமே, அதுதான் உங்கள் கூரையின் மிச்ச ஆயுள். ஷிங்கிள் செய்யும் நிறுவனங்களும் இதைச் செய்யாதே என்றுதான் சொல்கின்றன. செய்தால் வாரண்டி போகலாம். கம்பி பிரஷுக்கும் இதே பதில்.

அப்படியானால் எதை வைத்துக் கழுவுவது?

துணி வெளுக்கும் திரவ பிளீச். ஆர்மா என்ற ஆஸ்பால்ட் கூரைத் தயாரிப்பாளர்கள் சங்கமே சொல்லும் முறை இது: பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. கூரையில் தெளித்து 15 முதல் 20 நிமிடம் விட்டு, குறைந்த அழுத்தத் தண்ணீரில் நன்றாக அலசுவது. அவ்வளவுதான். தேய்ப்பது இதில் இல்லை. பாசியைக் கொல்வது நம் வேலை, பெயர்ப்பது மழையின் வேலை.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. பிளீச் பாட்டிலின் லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண பிளீச் 6 முதல் 8 சதவீதத்துக்குள் இருக்கும். ‘ஸ்பிளாஷ்லெஸ்’ (தெறிக்காதது) என்று எழுதியது, வாசனை சேர்த்தது எல்லாம் வேண்டாம். நீச்சல் குளத்துக்கு விற்பது 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அதை வாங்கினால் அதற்கேற்பக் கூடுதலாகத் தண்ணீர் கலக்க வேண்டும். தெளிக்கத் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் பிளாஸ்டிக் பம்ப் ஸ்ப்ரேயர் போதும். உலோகப் பாகம் உள்ளதை பிளீச் அரித்துவிடும்.

நாள் பார்ப்பது முக்கியம். காற்றில்லாத, மேகமூட்டமான காலை நல்லது. சுள்ளென்ற வெயிலில் அடித்தால் வேலை செய்வதற்குள் காய்ந்துவிடும், காற்றில் அடித்தால் பக்கத்து வீட்டுக் கார் மேல் போய் விழும். பனி உறையும் காலத்தில் இந்த வேலையை எடுக்கவே கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, தூக்கிப்போடத் தயாரான பழைய சட்டை மூன்றும் கட்டாயம். பிளீச் பட்ட நல்ல சட்டையைத் திரும்ப அலுவலகத்துக்குப் போட முடியாது.

கறுப்புப் பாசி இருபது நிமிடத்துக்குள் பழுப்பாகி மங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கொஞ்சம் மிச்சமிருந்தால் இரண்டாவது முறை அடிக்கலாம், அல்லது விட்டுவிடலாம். அடுத்தடுத்த மழைகளில் போகும்.

நானே கூரை மேல் ஏறலாமா?

ஏறாமலே செய்ய முடிந்தால் அதுதான் நல்லது. பாசி பிடித்த கிணற்றடியில் கால் வைத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதே வழுக்கல், 20 அடி உயரத்தில், சரிவில், மேலே பிளீச்சும் ஊற்றி. ஒற்றைத் தள வீடாக இருந்தால் ஏணியில் நின்றபடியே நீண்ட குழலால் தெளிக்கலாம். ஏணி உயரும் ஒவ்வொரு நான்கு அடிக்கும் அடிப்பக்கம் சுவரிலிருந்து ஓரடி தள்ளி நிற்க வேண்டும், மேல்முனை கூரை விளிம்பைத் தாண்டி மூன்று அடியாவது நீண்டிருக்க வேண்டும். மின்கம்பி பக்கத்தில் போனால் அலுமினிய ஏணியை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இரண்டு மாடி வீடு, செங்குத்தான சரிவு என்றால் ஆள் வைத்துச் செய்யுங்கள். இதில் மிச்சம் பிடிக்கிற பணம் எலும்பு முறிவுக்குக் காணாது.

பிளீச்சோடு பாத்திரம் கழுவும் சோப்போ வினிகரோ சேர்த்தால் இன்னும் நன்றாக வேலை செய்யுமாமே?

வேண்டவே வேண்டாம். பிளீச்சோடு வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா சேர்ந்தால் குளோரமைன் வாயு வரும். இரண்டும் நுரையீரலைப் பதம் பார்ப்பவை. மற்ற சோப்புகளில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பிளீச்சோடு தண்ணீர் தவிர எதுவும் சேராது என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

கீழே ரோஜாவும் கறிவேப்பிலைத் தொட்டியும் இருக்கின்றனவே?

கறிவேப்பிலைத் தொட்டியை முதலில் கராஜுக்குள் தூக்கி வையுங்கள். இந்த ஊரில் அதை வளர்த்தெடுத்த பாடு உங்களுக்குத்தான் தெரியும்.

தூக்க முடியாத செடிகளை, தெளிப்பதற்கு முன்பே இலையும் மண்ணும் நன்றாக நனையும்படி தண்ணீர் விடுங்கள். ஏற்கெனவே நனைந்த செடி பிளீச்சை அதிகம் உறிஞ்சாது. வேலை நடக்கும்போதும் முடிந்த பிறகும் மறுபடி அலசுங்கள். பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுகிறவர்கள் வேலை முடிந்ததும் உடனே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் செடி உள்ளேயே வெந்துவிடும். ஆபத்து அதிகம் டவுன்ஸ்பவுட் வாயில்தான்: கூரை முழுவதும் அலசிய பிளீச் அந்த ஓரிடத்தில் வந்து கொட்டும். அங்கே ஓர் ஆள் குழாயைத் திறந்துவிட்டு நீர்த்துப்போகச் செய்துகொண்டே இருப்பது நல்லது. மழைநீர்ப் பீப்பாய் வைத்திருந்தால் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். நாயையும் பிள்ளைகளையும் வீட்டுக்குள் வையுங்கள். கட்டரையும் நன்றாக அலசுங்கள். பிளீச் உலோகத்தை அரிக்கும்.

மாஸ் தடிமனாக இருக்கிறது. கையால் பிய்த்துவிடலாமா?

பச்சையாக, உயிரோடு இருக்கும்போது பிய்த்தால் பொடிக்கல்லும் சேர்ந்து வரும். முதலில் கொல்லுங்கள். மேலே சொன்ன பிளீச் கலவை மாஸையும் கொல்லும், ஆனால் ஒரே நாளில் மறையாது. பழுப்பாகி, காய்ந்து, பிடி தளர்ந்து, பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்துத்தான் மழையோடும் காற்றோடும் போகும். பொறுக்க வேண்டும்.

கட்டி கட்டியாக நிற்பதை மட்டும், செத்துக் காய்ந்த பிறகு, மென்மையான பிரஷால் தள்ளிவிடலாம். கை எப்போதும் மேலிருந்து கீழே போக வேண்டும். ஷிங்கிள்கள் கீழ்நோக்கித்தான் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. கீழிருந்து மேலே தேய்த்தால் விளிம்பில் மாட்டித் தூக்கிவிடும்.

மேற்குக் கரையில் துத்தநாக சல்ஃபேட் பொடியைத் தூவுவார்கள். அது வேலை செய்யும். ஆனால் கரைந்து ஓடி ஓடையில் சேர்ந்தால் மீன்களுக்கு ஆகாது, சால்மன் வரும் ஆறுகள் பக்கத்தில் இதை மனதில் வைக்க வேண்டும். கொழுப்பு அமிலங்களின் பொட்டாசியம் உப்பால் செய்த, சோப்பு வகை மாஸ் கொல்லிகளும் கிடைக்கின்றன. எதை வாங்கினாலும் அமெரிக்காவில் இபிஏ என்ற சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பின் பதிவு எண்ணும் கனடாவில் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவின் பதிவு எண்ணும் லேபிளில் இருக்கிறதா, கூரைக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

லைக்கன்?

அதே கலவை, அதே பொறுமை, இரண்டு மடங்கு. சுரண்டினால் கல்லோடு வரும். செத்த பிறகும் வட்டத் தடம் சில காலம் தெரியும்.

பிளீச் பிடிக்கவில்லை. வேறு வழி?

சோடியம் பெர்கார்பனேட் என்ற ஆக்ஸிஜன் பிளீச் செடிகளுக்கு அவ்வளவு கொடியதல்ல, ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும், கறுப்புக் கோட்டில் முழுதாகப் போகாமலும் இருக்கலாம். பென்சால்கோனியம் குளோரைடு கலந்த, ‘அடித்துவிட்டு மறந்துவிடு’ வகைத் திரவங்கள் உண்டு. அலச வேண்டியதில்லை, மழையே பார்த்துக்கொள்ளும். பலன் தெரியப் பல மாதம் ஆகும். அவசரமில்லாதவர்களுக்கு மோசமான தேர்வு அல்ல. வினிகரை சாலட்டுக்கு வையுங்கள்.

ஒருமுறை கழுவினால் எத்தனை நாள் தாங்கும்?

ஊரைப் பொறுத்தது. அட்லாண்டா, ஹூஸ்டன் மாதிரி புழுங்கும் ஊர்களில் சில ஆண்டுகளில் திரும்ப வரும். பாலைவன ஊரான ஃபீனிக்ஸில் இருப்பவர் இந்தப் பக்கத்தைப் படிக்கவே தேவையில்லை. நிழலும் ஈரமும் அப்படியே இருந்தால் பாசியும் திரும்ப வரத்தான் செய்யும், அதனால் கழுவிய கையோடு தடுப்பையும் யோசியுங்கள்.

தடுப்பு என்றால் அந்த உலோகப் பட்டைதானா?

ஆமாம், வென்ட் குழாய்க்குக் கீழே தெரிந்த அதே தந்திரம். கூரையின் உச்சி முகட்டில், முகட்டு ஷிங்கிளுக்கு அடியில் செருகி, இரண்டு மூன்று அங்குலம் வெளியே தெரியும்படி துத்தநாகப் பட்டையோ செம்புப் பட்டையோ நீளமாகப் போடுவார்கள். ஒவ்வொரு மழையிலும் கொஞ்சம் கரைந்து கீழே இறங்கும். செம்பு துத்தநாகத்தைவிட வீரியமானது, விலையும் அப்படித்தான்.

இதைப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது: ஏற்கெனவே வளர்ந்து தடித்ததை இது கொல்லாது. கழுவிய கூரையில் போட்டால்தான் பலன். அப்புறம், கீழே போகப் போக அதன் வீரியம் குறையும். நீளமான சரிவில் மேல் பாதி சுத்தமாகவும் கீழ்ப் பாதி கறுப்பாகவும் நிற்கும். அப்படிப்பட்ட கூரைக்கு நடுவில் இன்னொரு வரிசை வேண்டும். செம்பின் மேல் வழிந்த தண்ணீர் அலுமினியக் கட்டரையும் துத்தநாகம் பூசிய தகடுகளையும் அரிக்கும் என்பதால், அவை இருக்கும் வீட்டில் துத்தநாகமே பொருத்தம். ஆணி அடித்த ஓட்டை வழியே ஒழுகாமல் இருக்க ரப்பர் வாஷர் வைத்த ஆணி வேண்டும். சும்மா முகட்டின் மேல் வைத்து அடித்துவிட்டுப் போகிற ஆளைக் கூப்பிடாதீர்கள்.

கூரையையே மாற்றப் போகிறோம். பாசி பிடிக்காத ஷிங்கிள் என்று விற்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம், வாரண்டியைப் படித்துவிட்டு. பொடிக்கல்லில் ஒரு பங்கு செம்பு கலந்த கல்லாக இருக்கும். செம்பு மெதுவாகக் கசிந்து பாசியைத் தடுக்கும். இந்தக் கற்களைச் செய்வதில் 3எம் நிறுவனத்துக்குப் பெயர் உண்டு. ஷிங்கிள் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனிப் பெயரில் விற்கின்றன: ஜிஏஎஃப்பில் ஸ்டெய்ன்கார்டு, சர்ட்டன்டீடில் ஸ்ட்ரீக்ஃபைட்டர். கூரைக்கு ‘ஆயுட்கால வாரண்டி’ என்று பெரிதாக எழுதியிருந்தாலும் பாசிக்கான வாரண்டி தனி, அதைவிடக் குறைவு. பத்தாண்டு தருவதும் உண்டு, இருபத்தைந்து தருவதும் உண்டு. பெரும்பாலும் தொடக்கத்தில் கொஞ்ச காலம்தான் முழுப் பொறுப்பு, அப்புறம் வருடத்துக்கு வருடம் தேயும். மாஸ் பெரும்பாலும் இதில் வராது. நிழல் விழும் வீடு என்றால் கூடுதல் காசு கொடுத்தாவது இதையே போடுவேன். நிறமும் யோசியுங்கள்: வெளிர் சாம்பலில் கறுப்புக் கோடு ஊருக்கே தெரியும், அடர் நிறத்தில் அவ்வளவு தெரியாது.

மரத்தை வெட்ட வேண்டுமா?

மரத்தை அல்ல, கூரையின் மேல் படரும் கிளைகளை. வெயில் படவும் காற்று போகவும் வழி செய்தால் பாதி வேலை முடிந்தது. சில ஊர்களில் பெரிய மரத்தைத் தொட நகராட்சி அனுமதி வேண்டும். டொராண்டோ இதில் கறார், தண்டு 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள தனியார் மரத்துக்கே அனுமதி கேட்கும். இலையுதிர் காலம் முடிந்ததும் கட்டரையும், இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளத்தையும் சுத்தம் செய்யுங்கள். மாஸ் குடியேறும் மண் அங்கேதான் சேருகிறது.

கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கில் (பரண்) பலகை கறுப்பாக இருக்கிறது. கூரைப் பாசி உள்ளே இறங்கிவிட்டதா?

இல்லை. பாசிக்கு வெளிச்சம் வேண்டும், இருட்டு அட்டிக்கில் வளராது. அங்கே இருப்பது பூஞ்சணமாக இருக்கலாம், காரணம் உள்ளிருந்து வரும் ஈரம். குளியலறை ஃபேனின் குழாய் வெளியே போகாமல் அட்டிக்குக்குள்ளேயே முடிகிறதா என்று முதலில் பாருங்கள். கூரையைக் கழுவினால் இது தீராது.

கதவைத் தட்டிய ஒருவர், ‘உங்கள் கூரை கெட்டுவிட்டது, மாற்றியே ஆகவேண்டும்’ என்கிறார்.

கறுப்புக் கோட்டை மட்டும் காட்டிச் சொன்னால் நன்றி சொல்லிக் கதவைச் சாத்துங்கள். கழுவுவதற்கு ஆகும் செலவும் மாற்றுவதற்கு ஆகும் செலவும் பக்கத்தில்கூட வராது.

கழுவ ஆள் வைக்கும்போது கேட்க வேண்டியவை: என்ன மருந்து, எத்தனை சதவீதம், எவ்வளவு அழுத்தம், செடிகளை யார் நனைப்பது, ஆள் விழுந்தால் யார் காப்பீடு. ‘சாஃப்ட் வாஷ்’ (குறைந்த அழுத்தக் கழுவல்) என்று சொல்லிவிட்டு வேனிலிருந்து பிரஷர் வாஷரை இறக்கினால் அங்கேயே நிறுத்துங்கள்.

எச்ஓஏ எனும் வீட்டு உரிமையாளர் சங்கத்திடமிருந்து கூரையைப் பற்றிக் கடிதம் வந்திருக்கிறது. இன்ஷூரன்ஸ்காரர்களும் கூரைப் படம் எடுத்திருக்கிறார்களாம்.

எச்ஓஏ கெடு கொடுத்திருந்தால், கழுவ ஆள் பேசிவிட்டதாகத் தேதியோடு பதில் எழுதுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். டவுன்ஹவுஸாக இருந்தால் கூரை உங்கள் பொறுப்பா சங்கத்தின் பொறுப்பா என்று ஒப்பந்தத்தை முதலில் புரட்டுங்கள். அமெரிக்காவில் பல காப்பீட்டு நிறுவனங்கள் வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துப் புதுப்பிக்க மறுப்பது உண்மைதான். பாசி தெரிந்தால் அதையும் காரணம் காட்டலாம். கழுவிய பிறகு தேதி தெரியும் படங்களும் பில்லும் அனுப்பி மறுபரிசீலனை கேளுங்கள். கழுவும் செலவைக் காப்பீட்டில் கேட்க முடியாது, அது பராமரிப்புக் கணக்கு.

கூரைக்கு இருபது வயது தாண்டிவிட்டது. இனிக் கழுவுவதில் அர்த்தம் உண்டா?

விளிம்புகள் சுருண்டு, பொடிக்கல் உதிர்ந்து தார் வழுக்கையாகத் தெரிகிறதென்றால் கழுவுவதற்குக் கொடுக்கும் பணம் வீண். அதைப் புதுக் கூரைக்கு எடுத்து வையுங்கள். ஷிங்கிள் தட்டையாக, கல் நிறைந்து இருந்தால் வயதைப் பார்க்காமல் கழுவலாம். சந்தேகமாக இருந்தால் ஒரு பெருமழைக்கு அப்புறம் டவுன்ஸ்பவுட் வாயில் போய்ப் பாருங்கள். அங்கே கறுமணல் குவிந்திருந்தால், கழுவும் ஆளுக்குப் பதில் கூரை போடும் ஆளிடம் விலை கேட்கத் தொடங்கலாம்.